படம் கிழியாத மானிட்டர்

செவ்வாய்க்கிழமை

இன்று, நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடையின் முதலாளியை மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன்.

இனயம் என்ற கடற்கரை ஊரிலிருந்து மீன் விற்கும் ஓர் அக்கா வந்தார். கேம் விளையாடும் மகளுக்கு மானிட்டர் வேண்டுமாம். மகள் தன் கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். பழைய கிராபிக்ஸ் கார்டு. ஓடும் படம் நடுவில் கிழிந்ததுபோல் தெரியாமல் தடுக்கும் அடாப்டிவ் சிங்க் வசதி அதில் வேலையே செய்யாது. சாதாரண மானிட்டரே போதும்.

முதலாளி ஏழாயிரம் ரூபாய் விலை கூடுதலான அடாப்டிவ் சிங்க் மானிட்டரைக் காட்டினார். பக்கத்தில் சாதாரண மானிட்டர். இரண்டிலும் ஒரே கார் பந்தயம். "பாத்தியளா, அதுல படம் கிழியுது. இதுல கிழியாது." சாதாரண மானிட்டரோடு இணைத்திருந்தது கடையின் மிகப் பழைய கம்ப்யூட்டர்; படம் கிழிந்தது அதனால்தான். அவர் சொல்லி அப்படி இணைத்ததும் நான்தான்.

அக்கா அவரை நம்பவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"மக்கா, நீ படிச்ச பிள்ளைல்லா. உள்ளதச் சொல்லு. எனக்க மவளுக்கு இது வேணுமா?"

"சொல்லேன் ஏட்டி, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றார் முதலாளி.

வேணும் என்று நான் தலையாட்டினேன்.

"நீ சொன்னா சரி. இனயம் பக்கம் வந்தா வீட்டுக்கு வா மக்கா, நல்ல மீன் எடுத்து வைக்கேன்." பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, அந்த மானிட்டர் பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவரே பஸ்ஸுக்கு நடந்தார்.

முதலாளி சிரித்தார். "உனக்க மூஞ்சியப் பாத்தா யாரும் சந்தேகப்பட மாட்டாவ. உன்ன வேலைக்கு வச்சதே அதுக்குத்தான்."

எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்னுடையது. வேலை கேட்டுப் போன அன்று அவர் சான்றிதழைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. என் முகத்தை மட்டும் நன்றாகப் பார்த்தார்.