மே மாதத்தில் வெட்டிய சால்வியா

கிரெஸ்விக்
28 செப்டம்பர் 1986, ஞாயிறு

அன்பு மகள் கிளெனிஸுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் இடது முழங்காலைத் தவிர இங்கே மற்றெல்லாம் சுகம். நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் டார்வின் வெயிலில் வாடாமல் இருக்கிறீர்கள் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். டாம்சின் வாசிப்பில் வகுப்புக்கே முதலாக வந்ததை ரொட்டிக் கடைக்காரி, பாதிரியார், தபால்காரர் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. அஞ்சாம் வகுப்போடு நிறுத்திவிட்டு மாடு கறக்கப் போனவளுக்கு இப்படி ஒரு பேத்தி என்றால் சொல்லாமல் எப்படி இருப்பது. ஆனால் அந்தச் சேதி எனக்கு உன் கடிதத்தில் வரவில்லை, நோரீன் வாயில்தான் வந்தது. தோட்டச் சங்கத்தில் எல்லார் முன்னாலும், என்ன மெர்ல், உம் பேத்தி முதலா வந்திருக்காளாமே, கிளெனிஸ் எனக்கு எழுதியிருக்கா என்றாள். எனக்கும் தெரியும் என்று சொல்லி வைத்தேன். உன் கடிதம் மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. அவள் உனக்குப் பாடம் சொன்ன டீச்சர், யார் இல்லையென்றார்கள். உன்னைப் பெற்றவள் நான். அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

அதை விடு. கடிதத்தின் கடைசியில் நீ கேட்டிருக்கிறாய், டாம்சின் தன் செடி எப்படி இருக்கிறது என்று தினமும் கேட்கிறாள், கிறிஸ்துமஸுக்கு வந்து அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்க வேண்டுமாம் என்று. அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. செடி செத்துப்போயிற்று கிளெனிஸ். பனி கொன்றது என்று எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நான்தான் கொன்றேன். நோரீன் எழுதி நீ தெரிந்துகொள்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சால்வியாப் பூச்செடி யாரும் விதைக்காமல் துணி துவைக்கும் கொட்டகைச் செங்கல் இடுக்கில் தானாக முளைத்தது என்று உனக்குத் தெரியும். போன பிப்ரவரியில் முதல் பூ விட்டபோது கருத்த பிளம்பழத்தின் தோலை உரித்தால் உள்பக்கம் தெரியுமே, அந்த நிறம். இந்த ஊரில் யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது. நோரீன் வந்து பார்த்தாள். எந்தச் செடியைப் பார்த்தாலும் வாய்க்குள் நுழையாத பெயரைக் கடகடவென்று சொல்கிறவள், அன்றைக்கு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு சும்மா நின்றாள். எனக்கு அந்த ஒரு நிமிஷம் போதும் என்றிருந்தது. இதுக்குப் பேர் டாம்சின் என்றேன். ஒரு குச்சி கிள்ளிக்கட்டுமா என்று கேட்டாள். இப்ப வேண்டாம், சின்னச் செடி என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா, அவள் போனதும், என்னம்மா இது, ராணுவ ரகசியம் மாதிரி காக்கிறே என்று சிரித்தார்.

குளிர் தாங்காத சால்வியாவை எப்படிக் காப்பாற்றுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். முப்பது வருஷமாகச் செய்கிறேன். மார்ச்சில் தளிர்க்குச்சி கிள்ளிப் பருமணலில் ஊன்றி, கவிழ்த்த ஜாம் போத்தலுக்குள் வேர் விடவைத்து, மூடிய வராந்தாவில் வைத்துவிட்டால் தாய்ச்செடி போனாலும் பிள்ளை இருக்கும். தண்ணீர் மட்டும் கை அடக்கி ஊற்ற வேண்டும், குளிரில் சாவதைவிட ஈரத்தில் சாவதுதான் அதிகம். மற்ற பதினோரு வகைக்கும் இதைத்தான் செய்தேன். டாம்சினுக்குச் செய்யவில்லை. வராந்தாவில் நாலு தொட்டி இருந்தால் வருகிறவர்கள் பார்ப்பார்கள், பார்த்தால் கேட்பார்கள், கேட்டால் நோரீனுக்கும் ஒன்று கொடுக்க வேண்டும். ஊரிலேயே ஒன்றே ஒன்று, அது என் வீட்டில் என்று இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பிழைத்திருக்கும். குளிர் இறங்குகிற மே மாதம் சங்கத்துப் பெண்கள் இருபது பேர் நம் தோட்டத்தைப் பார்க்க வருவதாக முறை வந்தது. அவர்களை உனக்குத் தெரியாதா, கைப்பையில் ஈரக் காகிதத்தோடு வருவார்கள், குனிந்து மோந்து பார்ப்பது மாதிரி கிள்ளிக்கொண்டு போவார்கள். நானும் போகிற இடத்தில் அதைத்தான் செய்கிறேன். அதனால் முதல் நாள் சாயங்காலம் கத்தரியை எடுத்து டாம்சினைத் தரையோடு வெட்டிவிட்டேன். வெட்டியதை ஒரு இலை விடாமல் அடுப்பில் போட்டேன். பனிக்காலம் முடிகிறவரை பழைய தண்டை வெட்டக்கூடாது, அதுதான் அடிக்குப் போர்வை என்று சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் சொல்வேன். வெட்டின தண்டு குழாய் மாதிரி. ஜூனில் பெய்த மழை அதற்குள் இறங்கி, இரவு உறைந்து, பகலில் உருகி, வேர்வரைக்கும் அழுக வைத்துவிட்டது. வைக்கோல் போட்டேன், சாக்கு போட்டேன், வாளியைக் கவிழ்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. மே மாதம் மற்றவர்களோடு வந்த நோரீன் அந்தக் கட்டையைப் பார்த்துவிட்டு, என்னடி மெர்ல், இதை யாரு இப்படிப் பண்ணினது என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் நகர்ந்துவிட்டாள். தப்புக் கணக்குப் போட்ட பிள்ளையைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. இந்த மாதம் முழுக்கத் தினமும் நகத்தால் கட்டையைச் சுரண்டிப் பச்சை தெரிகிறதா என்று பார்த்தேன். போன புதன்கிழமை அது கையோடு வந்துவிட்டது.

இன்னும் கேள். வியாழக்கிழமை நோரீனின் கேக் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவள் வீட்டில் இல்லை. பின்பக்கம் செடி வளர்க்கிற கண்ணாடி வீட்டு மேசையில் மூன்று தொட்டி. சிவந்த காம்பு, அடிப்பக்கம் ஊதாப் படிந்த இலை. கிள்ளி மோந்தேன், அதேதான். திருடி! எனக்கு ஒன்றுமில்லை, அவளுக்கு மூன்று! தூக்கிக்கொண்டு வந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். டப்பாவை வாசலில் வைத்துவிட்டு வந்தேன். கேட்டால்தான் கிடைக்கும், அவளிடம் போய் எப்படிக் கேட்பது. கண்ணாடி வீடு அவளுக்கு, படிப்பு அவளுக்கு, உன் கடிதம் முதலில் அவளுக்கு. இப்போது என் பேத்தியின் செடியும் அவளுக்கா. அடுப்பில் கறி தீய்கிற வாசனை வருகிறது, மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

திங்கள். காலையில் போய்க் கேட்டுவிட்டேன். உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. நோரீன் கண்ணாடி வீட்டில்தான் இருந்தாள். செடி செத்துப்போச்சு நோரீன், உங்கிட்ட இருக்கிறதுல ஒண்ணு குடு என்றேன். அவள் திரும்பாமலே, இதைச் சொல்ல உனக்கு இவ்வளவு நாளா, உனக்காகத்தானே கதவைப் பூட்டாம வெச்சிருக்கேன் என்றாள். எப்படி எடுத்தே என்று கேட்டேன். மார்ச்சுல கிளெனிஸ் அனுப்பின படத்தைக் கொண்டாந்து காட்டினேனே, நீ மூக்குக்கண்ணாடி தேடி உள்ளே போனியே, அப்பதான், மூணு குச்சி என்று கொஞ்சமும் வெட்கமில்லாமல் சொன்னாள். பிறகு, ரெண்டு எடுத்துக்க, ஒண்ணு இங்கேயே இருக்கட்டும், உன் கத்தரியை நான் நம்பமாட்டேன் என்றாள். நன்றி என்று சொல்லிவிட்டு இரண்டு தொட்டியையும் தூக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் தொட்டியில் சொருகிய சீட்டில் அவளுடைய அழகான கையெழுத்தில், மெர்ல் வீட்டு டாம்சின், திருடியது, மார்ச் ஒன்பது என்று எழுதியிருக்கிறது. அப்பா சிரித்த சிரிப்பில் முழங்கால் வலியே மறந்துபோயிற்று. எனக்கு ஆத்திரம் தீரவில்லை. நான் வளர்த்திருந்தால்கூட இப்படிக் கொழுகொழுவென்று வந்திருக்காது, அதுவும் ஓர் ஆத்திரம். அவள் திருடாமல் இருந்திருந்தால் உலகத்திலேயே அந்தச் செடி இருக்காது, அதையும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது. நவம்பரில் மெல்போர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயம் முடியட்டும், பனி பயம் போனதும் ஒன்றை மண்ணில் இறக்குவேன், ஒன்று தொட்டியிலேயே இருக்கும். மார்ச்சில் குச்சி கிள்ளிக் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறேன்.

டாம்சினிடம் செடி இருக்கிறது என்று சொல். வெட்டினது பாட்டி என்பதையும் நீயே சொல்லிவிடு. வெயிலில் தொப்பி இல்லாமல் விடாதே, மாப்பிள்ளையை வேகமாக வண்டி ஓட்ட விடாதே. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இங்கே வந்து சேர வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன், எங்கள் ஆசி உங்களுக்கு எப்போதும் உண்டு. கிறிஸ்துமஸுக்குப் படம் எடுக்கும்போது நோரீனையும் கூப்பிட வேண்டியிருக்கும், வேறு வழியில்லை. டாம்சின் நடுவில் நிற்கட்டும். செடிப் பக்கம் நான் நிற்பேன், அவள் அந்தப் பக்கம் நிற்கட்டும்.

உன் அம்மா
மெர்ல் டிரெகென்சா