குமிழி இரும்பின் மேல்

எழுந்ததும் பால்கனிக்கு ஓடாதே. இரண்டு ஜாடியிலிருந்தும் தகடுகளை நானே எடுத்து, நீ சொன்னபடி தேய்க்காமல் கழுவி, ஒற்றி, சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டேன். காபி பிளாஸ்கில் இருக்கிறது. நான் வேலைக்குக் கிளம்புகிறேன், சாவி செருப்பு அலமாரி மேல்.

உன் ஆய்வகக் கூட்டாளி போன் செய்தார். தகடுகளை வாங்கிக்கொள்ள மதியத்துக்குள் வருவாராம். "மேடம் எழுந்தாச்சா?" என்றார். "தூங்குறா" என்றேன். குறட்டையைப் பற்றியும் சொல்லியிருப்பேன், போனால் போகிறதென்று விட்டேன்.

நேற்று ஜாடிகளில் ஊற்றிய அந்த அமில உப்புத் தண்ணீரைப் பற்றி அவரோடு சிரித்துச் சிரித்துப் பேசினாய். என்னவென்று நான் கேட்டதற்கு, "உங்களுக்குச் சொன்னா புரியாதுங்க" என்றாய். அப்போது பற்றிய வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ஆனாலும் காலையில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு ஜாடியில் தனியாகக் கிடந்த இரும்பு அரித்துக் குழி விழுந்திருக்கிறது. துத்தநாகத்தோடு கம்பியால் இணைத்த இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. துத்தநாகம்தான் பாதியாகிவிட்டது.

பி.கு.: தகடுகளை எடுக்குமுன் பார்த்தேன், இணைத்த ஜாடியில் குமிழியெல்லாம் இரும்பின் மேல்தான் வந்தது, கரைந்ததோ துத்தநாகம். அது ஏன்? அவர் வருவதற்குள் போன் செய்து எனக்குச் சொல். புரியாவிட்டால் இன்னொரு தரம் சொல்.