நீ ஸ்டார் போட்டு வைத்த மெசேஜ்

உன் பேரைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மந்தைவெளி மார்க்கெட்டில் சீத்தாப்பழம் குவிந்து கிடந்ததை இன்று காலை படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டிருந்தேன். யாரெல்லாம் பார்த்தார்கள் என்று திறந்தால், முதல் ஆளாக நீ. பட்டுப்புடவையில் சிரிக்கிற அதே குட்டிப் படம். நீ போய் இருபத்திரண்டு நாள் ஆகிறதடி.

கொஞ்சம் கழித்துத்தான் புத்தி வேலை செய்தது. போன வாரம் காரியம் முடிந்ததும் உன் வீட்டுக்காரர் உன் போனைப் பாலவாக்கத்தில் மாமியார் வீட்டில் இருக்கும் உன் மகளுக்குக் கொடுத்தனுப்பினார். அப்படியென்றால் உன் வாட்ஸப்பைத் திறந்திருப்பவள் அவள்தான். நாம் பேசியதெல்லாம் அதில்தானே இருக்கிறது.

நம் சிநேகமே ஸ்டேட்டஸில் முளைத்ததுதான். தி. நகரில் உங்கள் குடும்பக் கடைக்கு வரும் புதுப் புடவைகளை வரிசையாகப் போடுவாய். இந்த நீலம் சாயம் போகாதா என்று ஒரு நாள் கேட்டேன். "போகும். வாங்காத" என்று பதில் போட்டாய். சொந்தச் சரக்கையே வாங்காதே என்கிற பொம்பளை யாரப்பா என்று பார்க்கத்தான் கடைக்கு வந்தேன். அப்புறம் ஒன்பது வருஷம். நான் வெறும் இதயப் பொம்மை அனுப்பினால் உனக்கு ஆகாது. வாயைத் திறந்து பேசு என்று திட்டுவாய்.

அப்படித் திட்டியவளே ஆடி மாதம் என் வாயைக் கட்டினாய். ஒரு தடவை மட்டும் பார்க்கிற மாதிரி ஒரு படம் அனுப்பினாய். ஸ்கேன் ரிப்போர்ட். ஈரலில் புற்று, முற்றிவிட்டது என்று போட்டிருந்தது. மூடியதும் அது மறைந்துவிட்டது. அடுத்து வந்தது: "புள்ள பொறக்கட்டும் ஏட்டி. அதுவரைக்கும் என் மவகிட்ட மூச்சு விட்டுராத."

ஆவணியில் அவளுக்கு வளைகாப்பு. முடிந்த கையோடு மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகாத அம்மா உண்டா? நீ அழைத்துப் போகவில்லை. முகூர்த்தக் கூட்டம், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சாக்குச் சொல்லி மாமியார் வீட்டிலேயே விட்டாய். கூட இருந்தால் நீ வாந்தி எடுப்பதைப் பார்த்துவிடுவாளே. கை நிறைய வளையலோடு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அம்மாவுக்குக் கடைதான் பெரிசு ஆன்ட்டி என்றாள். நான் பாயசம் நன்றாக இருக்கிறது என்றேன். என்ன ஜென்மம் நான்.

அன்று சாயங்காலமே கோபம் தாங்காமல் உனக்கு அனுப்பினேன்: "ஞாயித்துக்கிழமைக்குள்ள நீ சொல்லிடு. இல்லேன்னா நானே போய்ச் சொல்லுவேன்." ஞாயிறு கிளம்பியும் விட்டேன். ஆட்டோ திருவான்மியூர் சிக்னலில் நிற்கும்போது உன் பதில் வந்தது.

"ஒன்ன நம்பித்தான சொன்னேன்."

வண்டியைத் திருப்பச் சொன்னேன். ஆட்டோக்காரர், இன்னாமா, வூட்ல எதுனா மறந்துட்டியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிரசவத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது நீ போய்விட்டாய். என்ன வியாதி என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. எனக்கு முன்பே தெரியும் என்பது அன்றும் தெரியாது.

அதனால்தான் இன்று காலை, நானே போய்ச் சொல்லுவேன் என்று மிரட்டிய அந்த மெசேஜைத் தேடிப் பிடித்து அழிக்கப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எல்லாருக்கும் அழிக்கிற கெடு எப்போதோ தாண்டிவிட்டது. என் போனில் மட்டும் அழிக்கலாமாம். அதனால் யாருக்கு என்ன?

பதினோரு மணிக்கு உன் பேரிலேயே போன் வந்தது. எடுத்தேன். பின்னால் உன் பேரன் சிணுங்கிக்கொண்டிருந்தான். நலம் விசாரிக்கவில்லை அவள். அம்மா போனில் ஒரே ஒரு மெசேஜுக்குத்தான் ஸ்டார் போட்டிருக்கிறது, அது நீங்கள் அனுப்பியது என்றாள். அதை வாசித்தும் காட்டினாள். அம்மா ஏன் என்னைக் கூட்டிப்போகவில்லை என்று இப்போதுதான் புரிகிறது என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்தது.

"சொல்லுவேன்னு சொன்னீங்களே ஆன்ட்டி. ஏன் சொல்லல? ரெண்டு மாசம் அம்மாகூட இருந்திருப்பேனே."

உனக்குக் கொடுத்த வாக்கு, வயிற்றுப்பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம், எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன. "தப்புப் பண்ணிட்டேன்மா" என்றுதான் சொல்ல முடிந்தது. குழந்தை வீறிட்டதும் போனை வைத்துவிட்டாள்.

உன் மேல் கோபம் கோபமாக வருகிறதடி. எத்தனையோ பேசினோம், அதற்கு மட்டும் எதற்கு ஸ்டார் போட்டாய்? மிரட்டினாளே என்றா? இல்லை, இவளாவது போய்ச் சொல்லிவிட மாட்டாளா என்றா? ஒன்பது வருஷம் என்னை வாயைத் திறக்கச் சொன்னவள் இதை மட்டும் சொல்லாமல் போய்விட்டாய்.

காலையில் அழிக்கப் பார்த்த அந்த மெசேஜுக்கு இப்போது நானும் ஸ்டார் போட்டு வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு பாலவாக்கம் போகிறேன். அவள் திட்டினால் வாங்கிக்கொள்வேன், கதவைத் திறக்காவிட்டால் வாசலில் நிற்பேன். திருவான்மியூர் சிக்னலில் உன்னிடமிருந்து எதுவும் வராது என்று தெரியும். ஆனாலும் அங்கே நிற்கும்போது போனை எடுத்து ஒரு தடவை பார்ப்பேன்.