லேசான பனி, ஐந்து சென்டிமீட்டர்

பதிவு 1
2091 ஜனவரி 11, காலை 06:00

வெப்பக் கோபுரம் 31. பணியில்: நிருஜா சிவபாதம். வேறு யாருமில்லை.

வெளியே -34 பாகை. காற்று வடமேற்கிலிருந்து, மணிக்கு 22 கி.மீ. காற்றைச் சூடாக்கும் எரிவாய்கள் ஆறும் எரிகின்றன. டீசல் 61 விழுக்காடு.

நாடு முழுமைக்குமான கணிப்பு: கிழக்குக் கரையில் உறைமழை. பெரிய ஏரிகளுக்குத் தெற்கே இருபது சென்டிமீட்டர் பனி. சமவெளியில் தெளிந்த வானம், கடுங்குளிர். மேற்கு மலைகளில் பனிச்சரிவு அபாயம். வடக்கே 17ஆம் எண் புயல் உருவாகித் தென்கிழக்காக நகர்கிறது.

இந்தப் பதிவேட்டைக் கண்டெடுப்பவர் துறைக்கு வெளியே உள்ளவராக இருக்கலாம். அவருக்காக: புயலை அணைக்க முடியாது, வளைக்க மட்டுமே முடியும். நாட்டில் நாற்பத்து நான்கு வெப்பக் கோபுரங்கள் இருக்கின்றன. புயலின் முன்னால் காற்றைச் சூடாக்கினால் அது ஒதுங்கிப் போகும். ஒரு நகரம் தப்பும். அங்கே விழாத பனி வேறு எங்கோ விழும். அந்த 'எங்கோ' எது என்பதை ஓர் அலுவலகத்தில் ஒருவர் கையெழுத்திட்டு முடிவு செய்கிறார்.

மக்கள் வானிலை கேட்கும் தமிழ்த் தொலைபேசி இந்த வாரம் என் பொறுப்பு. பதினோரு அழைப்புகள். ஸ்காபரோவிலிருந்து ஒருவர் மூன்றாவது நாளாக அழைத்தார்.

"தங்கச்சி, ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கலியாணம். அந்தப் புயலை ஒரு சின்னத் தள்ளுத் தள்ளி மொன்றியல் பக்கம் விடேலாதே?"

முடியாது என்றேன்.

"விடுங்கோ பிள்ளை. அங்க சம்பந்தி வீட்டு ஆக்கள்தானே இருக்கினம்."

சிரித்துவிட்டேன். பிறகு கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

பதிவு 2
ஜனவரி 12, 09:40

-36. எரிவாய் 4இல் சுடர் நடுங்கியது. சரிசெய்தேன்.

தலைமையகத்திலிருந்து செய்தி: மண்டல இயக்குநர் நேசராஜா 14ஆம் தேதி கோபுரம் 31ஐப் பார்வையிட வருகிறார். ஹார்ன்பே விமானத் திடலிலிருந்து 180 கி.மீ. பனிச்சாலை. துறையின் தானோட்டி வண்டியில் தனியாக வருவார்.

செய்தியை நான்கு முறை வாசித்தேன்.

இதுவரை எவரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். என் அப்பா சிவபாதம் லொறி ஓட்டியவர். லொறிக்காரர் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. பயண நாளில் வீட்டிலிருப்பவர் வானிலை கேட்டு, சொன்னதையும், நேரத்தையும், சொன்னவர் பெயரையும் ஒரு தாளில் எழுதி வைப்பார். எங்கள் வீட்டில் அது என் வேலை. 2081 பெப்ரவரி 3, காலை 6:40. எனக்கு இருபது வயது. தமிழ்த் தொலைபேசியில் பேசியவர் சொன்னார்:

"லேசான பனி, ஐந்து சென்டிமீட்டர். பார்வைத் தொலைவு நல்லது. பயணத்துக்குத் தடை இல்லை."

பெயர் கேட்டேன். நேசராஜா என்றார். எழுதிக்கொண்டு அப்பாவுக்குச் சொன்னேன். நான் சொல்லித்தான் அவர் புறப்பட்டார்.

மூன்று நாள் கழித்து லொறியைத் தோண்டி எடுத்தார்கள். அதன் மேல் இரண்டரை மீட்டர் பனி இருந்தது.

துறையில் ஒரு விதி இருக்கிறது. புயல் வளைந்து முடியும்வரை, புதிய பாதையைச் சொல்லாமல், முதலில் வெளியிட்ட கணிப்பையே மக்களுக்கு வாசிக்க வேண்டும். முன்பே சொன்னால் பனி விழப்போகும் ஊர் வழக்குப் போடும். விசாரணையில் 'அலுவலர் விதிப்படி வாசித்தார்' என்று எழுதி மூடிவிட்டார்கள். நான் வானிலை படித்து, துறையில் சேர்ந்து, பழைய ஏடுகளைத் திறக்க ஆறு ஆண்டுகள் ஆயின. அன்று காலை ஐந்து மணிக்கு, புயலை நெடுஞ்சாலைப் பக்கம் வளைக்கும் ஆணையில் கையெழுத்திட்டவரும் அவர்தான். எனக்கு வாசிக்கும்போது சாலையில் என்ன விழப்போகிறது என்று அவருக்குத் தெரியும்.

தாள் என்னிடம் இருக்கிறது. மடிப்புகளில் கிழிந்துவிட்டது. பசை நாடா ஒட்டியிருக்கிறேன்.

பதிவு 3
ஜனவரி 13, 14:15

-33. அழுத்தம் இறங்குகிறது.

17ஆம் புயலுக்கான ஆணை வந்தது: ஆறு எரிவாய்களும் முழு வீச்சில். புயல் வடக்கே ஒதுங்கி, ஆளில்லாத ஏரியில் கொட்டித் தீரும்.

கணக்குப் போட்டேன். நாளை காலை எரிவாய்களை நிறுத்தினால், பிற்பகல் இரண்டு மணிக்குள் புயல் பனிச்சாலையின் மேல் வரும். அந்தச் சாலையில் நாளை ஒரே வண்டிதான். அதில் ஒரே ஆள்தான்.

மேசையில் பதினொரு புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்றும் வாசிக்க முடியவில்லை. பழைய தமிழ் நிலப் பகுப்பில் பனிக்கென்று ஒரு நிலம் கிடையாது. முன்பனி, பின்பனி என்று பொழுதுகள் மட்டும் உண்டு. வந்து போய்விடும் ஒன்றாகவே அவர்கள் பனியை அறிந்திருந்தார்கள். இங்கே அது போவதில்லை. பத்து வருடமாக நான் அதற்குள்தான் குடியிருக்கிறேன்.

நேசராஜாவுக்கு ஒரு வாய்ப்புத் தருவதென்று முடிவு செய்திருக்கிறேன். நாளைய சாலைக் கணிப்பை அவர் எனக்கு வாசித்த அதே சொற்களில் அனுப்புவேன். அவை அவருக்கு நினைவு வந்தால், 'இதை நான் எங்கோ சொன்னேனே' என்று ஒரு வார்த்தை கேட்டால், எரிவாய்களில் கை வைக்க மாட்டேன்.

பதிவு 4
ஜனவரி 14, 07:05

-29. அனுப்பினேன். "லேசான பனி, ஐந்து சென்டிமீட்டர். பார்வைத் தொலைவு நல்லது. பயணத்துக்குத் தடை இல்லை."

07:20

பதில் நேசராஜாவின் அழைப்பாகவே வந்தது:

"நல்ல கணிப்புப் பிள்ளை. வளவள எண்டில்லாமல் சுருக்கமாக் கிடக்கு. எங்கட பொடியள் ஒரு பக்கத்துக்கு எழுதுவாங்கள். இப்பிடி எழுத உமக்கு ஆர் பழக்கினது?"

"நீங்கள்தான் ஐயா," என்றேன்.

பலமாகச் சிரித்தார். முகத்துதி என்று நினைத்திருப்பார்.

07:31

எரிவாய்கள் 1 முதல் 6 வரை நிறுத்தம். கோபுரம் இவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. தேநீர் போட்டேன். சீனி போட்டேன். சீனியை விட்டு ஐந்து வருடம்.

பதிவு 5
10:30

-30. புயல் திரும்பத் தொடங்கியது. என் கணக்கில் நான்கு கி.மீ. மட்டுமே பிழை.

வானொலியில் வண்டி அழைத்தது. ஆனால் குரல் நேசராஜாவுடையது அல்ல.

"வணக்கம் பிள்ளை! உம்மட அரிசியும் மீன் டின்னும் இண்டைக்கே வருது. கூட ஒரு பெரிய பார்சலும் வருது, பேர் நேசராஜா!"

குணா அண்ணை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை எனக்குச் சாமான் கொண்டுவருபவர். இங்கே நான் முகம் பார்த்துப் பேசும் ஒரே மனிதர்.

துறை வண்டி எங்கே என்று கேட்டேன்.

"அது குளிருக்குள்ள ஸ்டார்ட் வரேல்லை. அறிவான வண்டி பிள்ளை, வீட்டில நிண்டிட்டுது. நான் மடையன், வெளிக்கிட்டிட்டன்."

பின்னால் நேசராஜா சிரிப்பது கேட்டது. கவனமாக வாருங்கள் என்றேன்.

11:10

12:40க்குள் மீண்டும் பற்றவைத்தால் புயல் ஒதுங்கும். அதற்குப் பிறகு பற்றவைத்துப் பயனில்லை. தொண்ணூறு நிமிடம் இருக்கிறது.

12:02

வண்டி 90ஆவது கி.மீ.யில். அங்கே ஓர் இளைப்பாறு குடில் உண்டு. கல் சுவர், அடுப்பு, மூன்று நாள் உணவு. குணா அண்ணையை அழைத்தேன்.

"அண்ணை, குடிலில கொஞ்சம் நிண்டு வாங்கோ."

"ஏன் பிள்ளை, என்ன விசயம்?"

ஒலிவாங்கியை நேசராஜா வாங்கினார். "சொல்லும், ஏன் நிக்கோணும்?"

ஒரு சொல் போதும். 'புயல்' என்று சொன்னால் இரண்டு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நேசராஜா அடுப்பில் கை காய்ச்சுவார். அடுத்த வருடம் இன்னும் பெரிய அறைக்குப் போவார். குணா அண்ணை வழக்கம்போல என் அரிசியைக் கொண்டுவருவார்.

"களைச்சிருப்பியள் எண்டுதான் ஐயா," என்றேன்.

"உம்மட கணிப்பிலயே தடை இல்லை எண்டு கிடக்கு. பிறகென்ன? தேத்தண்ணியை வையும், வாறம்."

"சரி ஐயா," என்றேன்.

12:40

நேரம் கடந்தது. பற்றவைக்கும் விசை என் இடது கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கை மேசையிலேயே இருந்தது. மறந்துவிடவில்லை. தயங்கவும் இல்லை. இதை இங்கே நேராக எழுதிவைக்க வேண்டும். விசாரணை வந்தால் 'விதிப்படி' என்று எவரும் எழுதிவிடக்கூடாது.

14:25

-38. காற்று மணிக்கு 90 கி.மீ. புயலின் ஓரம் கோபுரத்தையும் தொட்டுவிட்டது.

குணா அண்ணை:

"பிள்ளை... ஒண்டும் தெரியேல்லை. முன்னாலயும் வெள்ளை, பின்னாலயும் வெள்ளை. கதவு திறக்குதில்லை. இது எந்தப் புயல் எண்டு ஐயா கேக்கிறார்."

பத்து வருடம் இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். சொன்னேன்: "2081 பெப்ரவரி 3, காலை 6:40. அவரிட்டச் சொல்லுங்கோ அண்ணை."

குணா அண்ணை அப்படியே சொன்னார். இரைச்சல். பிறகு நேசராஜாவின் குரல், மிகவும் கிட்டத்தில்:

"என்ன திகதி அது? என்ன சொல்லுறா? எனக்கு விளங்கேல்லை. பிள்ளை, அது என்ன திகதி?"

அவருக்குத் தெரியவில்லை. நடிப்பில்லை. உண்மையிலேயே தெரியவில்லை.

அப்பாவின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். தொடர்பு அறுந்தது.

பதிவு 6
15:20

வண்டியின் சமிக்ஞை இல்லை. எரிவாய் 2, 5 உறைந்துவிட்டன. உள்ளே 9 பாகை. தெற்கு ஜன்னலில் விரிசல். போர்வையால் அடைத்தேன்.

திரும்பத் திரும்ப அழைத்தேன். நேசராஜாவை அல்ல. குணா அண்ணையை. குணா அண்ணை, குணா அண்ணை என்று. தோண்டும் குழு நாளை மறுநாள்தான் புறப்படும் என்கிறார்கள் தலைமையகத்தில். புயல் ஏன் திரும்பியது என்று கேட்டார்கள். நிறுத்தினேன் என்றேன். அவர்கள் கோளாறு என்று எழுதிக்கொண்டார்கள்.

குணா அண்ணை என்னைப் பார்த்து ஒருநாள் சொன்னது, 'உம்மைப் போலத்தான் என்ர மகளும், எப்பவும் ஒரு புத்தகமும் கையும்.' அவளை நான் பார்த்ததில்லை.

16:10

உள்ளே 3 பாகை. மின்கலம் 11 விழுக்காடு. விரல்

விரல்கள் சரியாக வேலை செய்யவில்லை. தமிழ்த் தொலைபேசி இன்னும் என்னிடம்தான். யாரும் மாற்றவில்லை. ஓர் அழைப்பு வந்தது.

"வணக்கம் அக்கா. நான் மிதுஷா, ஹார்ன்பேயில இருந்து. அப்பா கோபுரம் 31 பக்கம் வெளிக்கிட்டவர். சாமான் வண்டி. அவரின்ர போன் வேலை செய்யேல்லை. ரோட்டு எப்பிடி அக்கா இருக்கு?"

திரையில் மக்களுக்கான வாசகம் இருந்தது. காலையில் நேசராஜாவுக்கு அனுப்பியபோது நானே பதிந்தது. எவரும் மாற்றவில்லை. புயல் இன்னும் வளைந்து முடியவில்லை, ஆகவே விதிப்படி அதைத்தான் வாசிக்க வேண்டும்.

வாசித்தேன். லேசான பனி, ஐந்து சென்டிமீட்டர்.

"பொறுங்கோ அக்கா, எழுதுறன்." பேனா தாளில் ஓடும் சத்தம் கேட்டது. "ம், சொல்லுங்கோ."

பார்வைத் தொலைவு நல்லது. பயணத்துக்குத் தடை இல்லை.

"அப்பாடா. அப்ப வந்திடுவார். நேரம் நாலு பத்து. உங்கட பேர் என்ன அக்கா?"

சொன்னேன். நிருஜா சிவபாதம், கோபுரம் 31. எழுதிவிட்டாயா என்று கேட்டேன்.

"ஓம் அக்கா, எழுதிட்டன்."

அந்தத் தாளைத் தொலைத்துவிடாதே என்றேன்.