அந்தோணி ஒத்துக்கொண்டான்

மார்ச் 9, ஞாயிறு

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி அந்தோணி எங்கள் வழக்கமான கோப்பிக் கடைக்கு வந்தான். பதினைந்து வருடமாக எங்கள் ஞாயிற்றுக்கிழமை இதுதான்: சண்டைக்காரனைக் குறிக்கும் இங்கிலீஷ் வார்த்தை ஒன்றைக் கொண்டுவந்து ஒருவன் மற்றவன் தலையில் கட்டுவான். மற்றவன் அது தனக்குப் பொருந்தாது என்று கோப்பி ஆறும்வரை வாதாடுவான். போன வாரம் அவன் கணக்கில் நான் ‘கான்ட்ரேரியன்’, எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசுகிறவன். நான் வாதாடிய சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து போனார்கள்.

இன்று வார்த்தையைக் கட்டுவது என் முறை.

“நீ டிஸ்பியூடேஷியஸ்டா. சும்மாவே சண்டை வளர்க்கிற ஆளு.”

“ஆமாப்பா, சரிதான்.”

“உன் பொண்டாட்டி மேரி உன்னைவிட மோசம்.”

“அதுவும் சரி லா.”

எனக்குப் பயமாகிவிட்டது. சுகர் ஏறிவிட்டதா என்று கேட்டேன். நெளிந்தான்.

“மேரிதான் உன்னைப் பத்திச் சொன்னா. அவரு மகளும் சிங்கப்பூர் போயிட்டா, வீட்ல தனி ஆளு, பாவம், ஜெயிச்சிட்டுப் போகட்டும்னு.”

ஊரில் எல்லார் வீட்டுக் கதையையும் பேசித் திரிகிறவன் நான். என் கதை அந்தோணி வீட்டு அடுப்படியில் ஓடியிருக்கிறது.

“நான் ஒன்னும் தனியா இல்லடா!” மேசையைத் தட்டினேன்.

“சரிப்பா,” என்றான் அந்தோணி. “நீ தனியா இல்ல.”