பாதித் திரைக்குப் பச்சை

அன்புள்ளவளே,

காலையில் கரையாம்புத்தூர் போயிருந்தேன். உங்கள் நிலத்து மோட்டார் கொட்டகைக் கதவைத் திறந்ததுமே மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிய நாற்றம் மூக்கில் ஏறியது. வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் போகவில்லை. அந்த நாற்றத்தோடு உட்கார்ந்துதான் உனக்கு எழுதுகிறேன்.

உன் அண்ணன் கூப்பிட்டிருந்தார். போனிலிருந்தே வயல் மோட்டாரை ஓடவிட, வில்லியனூர் ஆபீசில் நாம் சேர்ந்து செய்தோமே, அந்த ஆப்பைத்தான் அவரும் வைத்திருக்கிறார். அதன் முதல் திரையை வரைந்தவள் நீ. மோட்டார் ஓடினால் பாதித் திரைக்குப் பச்சை, நடுவில் கொட்டை எழுத்தில் ‘ஓடுது’. நின்றால் சிவப்பு, ‘நின்னுடுச்சி’. வேறு ஒரு மண்ணும் கிடையாது.

எந்தத் திரையையும் நீ ஏசி அறையில் வைத்து முடித்ததில்லை. உச்சி வெயிலில் என்னைப் பாகூர் ஏரிப் பக்கம் இழுத்துக்கொண்டு போவாய். கையைச் சேற்றில் தோய்த்துவிட்டுத் திரையை அமுக்கச் சொல்வாய். கறுத்துப்போய்விடுவேன் என்று நான் சிணுங்கினால், “நீ இன்னா சினிமாவுலயா நடிக்கப் போற? தெரியுதா இல்லியா, அத்த மட்டும் சொல்லுடி” என்பாய். இப்போது ஆபீசில் யாருக்கும் வெயில் என்று ஒன்று இருப்பதே நினைவில்லை.

நீ கண்ணை மூடிய மறுமாதமே உன் திரையை எடுத்துவிட்டார்கள். வெளிர் சாம்பல் பின்னணி, நூல் மாதிரி எழுத்து, மூலையில் நகத்தளவு ஒரு சுவிட்ச். ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்ல ஒரு வார்த்தை இல்லை. “பழசு பஸ் போர்டாட்டம் இருந்துச்சும்மா” என்று முதலாளி சிரித்தார். நான் மல்லுக்கு நின்றேன். “கேட்டுப் பாரு, எல்லாரும் சூப்பர்னுதான் சொல்றாங்க” என்றார். கேட்டேன். மோட்டார் கடை விளக்கடியில் நின்று போனைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

நாலு நாள் முன்பு உன் அண்ணன் வரப்பில் நின்றபடி சுவிட்சைத் தொட்டிருக்கிறார். வெயிலில் எதுவும் தெரியவில்லை. மோட்டார் நிலத்தின் அந்தக் கோடியில், சத்தமும் கேட்காது. கை படவில்லை போல என்று திரும்பத் திரும்பத் தொட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஓடி ஓடி நின்று, ஸ்டார்ட்டரோடு மோட்டாரும் போய்விட்டது. நட்டு முடித்த வயல். தண்ணீரில்லாமல் வெடிக்கத் தொடங்கியிருந்தது.

எனக்குத் திட்டு விழும் என்றுதான் போனேன். விழுந்திருந்தால் ஆறியிருப்பேன். “ஆப் நல்லாதான் கீது தங்கச்சி. எனக்குத்தான் பாக்கத் தெரியல” என்றார். உன் திரை என் போனில் இருக்கிறது, இப்போதே ஏற்றித் தருகிறேன் என்றேன். அவர் தயங்கினார்.

“வேணாம்மா. அது அந்தக் காலத்து மாடலு. பசங்க பாத்தா கிண்டல் பண்ணுவானுங்க.”

“அவ செஞ்சதுண்ணா.”

“தெரியும்மா” என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. அப்போதும் போனை நீட்டவில்லை.

இதற்கு மேல் ஒன்று நடந்தது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அவர் போன பிறகு அதே வரப்பில் நின்று உன் திரையைத் திறந்தேன். மண்டையைப் பிளக்கிற வெயில். கையை நீட்டிப் பிடித்தாலும் ‘நின்னுடுச்சி’ என்பது பளிச்சென்று தெரிந்தது. ஆனால் அதைப் படிப்பதற்கு முன்பே, ஐயோ, எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று என் மனசுக்குப் பட்டுவிட்டது. யாரும் சொல்லித்தரவில்லை. முதலாளி பக்கத்தில் இல்லை.

உனக்காகச் சண்டை போட ஆபீசில் மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். உன் திரையை அழிக்க மாட்டேன், என் போனில்தான் இருக்கும். யாராவது பக்கத்தில் வந்தால் மட்டும் மூடிவிடுகிறேன்.