கலாவின் வயிற்றுக் கட்டு

நவம்பர் 12, செவ்வாய் இரவு. சிதம்பரம்.

தங்கை கலாவுக்கு இன்று மறுபடியும் ஆபரேஷன். பித்தப்பையை எடுத்து ஒரு வாரம்தான் ஆகிறது.

கடலூர் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீடு திரும்பிய அன்றே, பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டேன். பிள்ளை பெற்றவர்களுக்கு எங்கள் வீட்டில் அப்படித்தான் கட்டுவோம். வயிறு தொங்காது.

"தொப்புள்கிட்ட குத்துதுக்கா" என்றாள் நேற்று.

"கேஸா இருக்கும்டி" என்று ஓமத் தண்ணீர் கொடுத்தேன். கட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். இன்று காலை பச்சையாக வாந்தி எடுத்த பிறகுதான் இந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தோம்.

முடிச்சு அவிழவில்லை. டாக்டர் கத்தரியால் வெட்டினார். தொப்புளில் எலுமிச்சம்பழம் போல ஒரு வீக்கம். பித்தப்பையை எடுக்கப் போட்ட ஓட்டை வழியாகக் குடல் நுழைந்து மாட்டிக்கொண்டதாம்.

"இது ரொம்ப அபூர்வம்மா. ஆனா துணி கட்டாம இருந்திருந்தா வீக்கம் நேத்தே கண்ணுல பட்டிருக்கும். யாரு கட்டினது?"

நான் வாய் திறப்பதற்குள் கலா முனகினாள். "நானேதான் சார் கட்டிக்கிட்டேன். அக்கா வேணாம்னுதான் சொல்லிச்சு."

குடலில் கொஞ்சம் கறுத்துப்போயிருந்ததாம், அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொள்வாள் என்கிறார்கள். இன்னும் கண் திறக்கவில்லை.

நான் முடிச்சு போட்டது முதுகுப் பக்கம். தானே கட்டிக்கொள்கிறவள் அங்கே முடிச்சு போட மாட்டாள். வெட்டிய டாக்டருக்கு அது தெரியாமலா இருக்கும்? அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.